பத்து வெண்கலப் பட்டைகள்

பாலித் தீவில் பிள்ளைகள் பெரியவர்களாகும்போது மேல்வரிசைப் பற்களை அரத்தால் லேசாக ராவுவார்கள். அது முடியும்வரை, படுத்திருக்கும் பிள்ளையின் பயம் தெளிய, பக்கத்தில் இரண்டு கெண்டேர் ஒலித்துக்கொண்டே இருக்கும். வெண்கலப் பட்டைகளைச் சிறு சுத்தியால் தட்டி வாசிக்கும் ஜோடி வாத்தியம் அது.

மறுநாள் காலை சுகெர்த்தாவின் மகள் செக்காருக்குச் சடங்கு. அவனும் அவன் தம்பி தந்த்ராவும்தான் வாசிக்கப் போகிறார்கள்.

சுகெர்த்தா சும்மா இருந்திருக்கலாம். சடங்குக்கு வந்த வெளியூர் விருந்தாளி ஒருவர் செல்போனில் சுருதி பார்த்து, "இரண்டும் ஒத்துப்போகவில்லையே" என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து சுகெர்த்தாவுக்குச் சோறு இறங்கவில்லை. மகள் சடங்கில் அபஸ்வரமா? அரத்தை எடுத்தான். தன் வாத்தியத்தின் பத்துப் பட்டைகளையும் அடியில் ராவிச் சுருதியை இறக்கி, தம்பியுடையதோடு அச்சு அசலாகச் சேர்த்துவிட்டான்.

மத்தியானம் இருவரும் வாசித்துப் பார்த்தார்கள். சுருதி இம்மியும் பிசகவில்லை. ஆனால் ஓசையில் உயிரே இல்லை. சட்டிபானையைத் தட்டிய மாதிரி இருந்தது.

செக்கார் எட்டிப் பார்த்தாள். "அப்பா, நாளைக்கு இதையா வாசிப்பீங்க? இதைக் கேட்டா எனக்கு இன்னும் பயமாயிருக்கு."

சுகெர்த்தாவும் தம்பியும் வாத்தியங்களைத் தூக்கிக்கொண்டு வாத்திய குரு ரெஸ்மியின் வீட்டுக்கு ஓடினார்கள். ரெஸ்மி சுகெர்த்தாவைவிட வயதில் இளையவள். அவனை அண்ணே என்பாள். திட்டும்போதும் அண்ணேதான்.

"வாசிங்க."

வாசித்தார்கள். அவள் கண்ணை மூடிக் கேட்டாள்.

"தந்த்ரா நல்லா வாசிக்கிறான். நீங்க ஏண்ணே சும்மா உட்கார்ந்திருக்கீங்க?"

"ஐயோ, நானும் வாசிச்சேன், குருவம்மா!"

"எனக்குக் கேட்கலையே."

அரம் எடுத்த கதையை ஒன்றுவிடாமல் சொன்னான்.

"அடப் பாவி அண்ணே! சுருதியில ஒண்ணை உசத்தி, ஒண்ணைத் தாழ்த்தி வார்த்திருக்காங்களே, கை தவறியா செஞ்சாங்க? இது ரெண்டும் இடிச்சுக்கிட்டாத்தானே ஓசை அலையா ஆடும்? உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். மக படுத்திருப்பா, ஊரே நிக்கும். ஒரு பிசிறும் இருக்கக் கூடாதுன்னு பயந்துட்டேன். ராவின வெண்கலம் திரும்ப வருமா?"

"வராது. ஆனா நுனியை ராவினா சுருதி ஏறும்."

அரத்தை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் அதைத் தொடவில்லை.

"நீங்களே செஞ்சிடுங்க. நான் மறுபடியும் கெடுத்துட்டா?"

"கெடுத்த கைதான் ராவணும்."

அவன் எடுத்தான்.

"எவ்வளவு ஏத்தணும்? கொஞ்சம்னா எவ்வளவு? கூடிப்போச்சுன்னா? ஒரு அளவு சொல்லுங்க, குருவம்மா. அந்த விருந்தாளிகிட்ட செல்போனைக் கேட்டு வாங்கியாவது பார்க்கிறேன்."

ரெஸ்மி சிரிக்கவில்லை. வாசலைப் பார்த்தாள். அப்பா ஓடியதைப் பார்த்துப் பின்னாலேயே வந்த செக்கார், பயத்தில் கீழுதட்டைக் கடித்துக்கொண்டு அங்கே நின்றிருந்தாள்.

"அவளைக் கூப்பிட்டுப் பக்கத்துல உட்கார வைங்க. கொஞ்சம் ராவுங்க, தம்பியோட சேர்ந்து தட்டுங்க. மறுபடி ராவுங்க, தட்டுங்க. அவ எப்ப உதட்டை விடுறாளோ, அப்ப நிறுத்துங்கண்ணே."