எண்ணெய் என்றால் எந்த எண்ணெய்?

ரொம்பக் காலத்துக்கு முன்னால் முல்லையூர் நாட்டைச் சுந்தரவழுதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் கோபம் வந்தால் முதலில் தண்டனையைச் சொல்லிவிடுவார். குற்றம் என்னவென்று அப்புறம்தான் கேட்பார்.

அவருடைய ஒரே மகள் மலைநாட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். இப்போது மசக்கை. எதைக் கண்டாலும் குமட்டல். "நம் அரண்மனை உளுந்தங்களி என்றால் சாப்பிடுவேன்" என்று சொல்லி, அங்கத்திய சமையல்காரன் கோடனை அனுப்பினாள். இங்கே சமையல்கட்டை ஆண்டுகொண்டிருந்த பிச்சி, களி கிண்டும் விதத்தை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தாள். அவனும் சந்தோஷமாகப் போனான்.

போனவன் வாடிய முகத்தோடு திரும்பி வந்து சபையில் நின்றான்.

"மகாராஜா, அந்த அம்மா சொன்னபடியேதான் செய்தேன். களி ஒரே கசப்பு. வாயில் மண் நறநறத்தது. இளவரசியார் ஒரு வாய் வைத்துவிட்டு நாள் முழுக்க வாந்தி எடுத்தார்கள். இன்னும் பட்டினி கிடக்கிறார்கள்."

ராஜாவின் மீசை துடித்தது. பக்கத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த கலியநம்பிக்கோ உள்ளூரக் கொண்டாட்டம். பிச்சியை அரண்மனையில் சேர்த்துவிட்டவர் மந்திரி குணவீரர். மந்திரியைக் கண்டாலே ஆகாத அவன், அவள் மேல் பழி விழுந்தால் மந்திரியின் தலையும் குனியும் என்று கணக்குப் போட்டான்.

"பிரபு, கைப்பக்குவம் வெளியே போனால் தன் மவுசு குறையும் என்று பிச்சி வேண்டுமென்றே மறைத்திருக்கிறாள். கர்ப்பிணிப் பெண் என்றுகூடப் பார்க்கவில்லையே!"

"நாட்டை விட்டே துரத்துங்கள் அவளை!" என்று கத்தினார் ராஜா.

குணவீரர் எழுந்தார். "நாளைக் காலை வரை பொறுக்க வேண்டும், மகாராஜா. அவள் மறைக்கவில்லை என்று இதே சபையில் காட்டுகிறேன்."

"காட்டாவிட்டால்?" என்று இழுத்தான் கலியநம்பி.

"அவள் பின்னாலேயே நானும் மூட்டை கட்டுகிறேன்."

சொல்லிவிட்டாரே தவிர, மந்திரிக்கே உள்ளுக்குள் ஒரு சந்தேகம். பிச்சி கெட்டிக்காரி, ஆனால் கர்வக்காரி. ஒருவேளை மறைத்திருப்பாளோ? நேரே சமையல்கட்டுக்குப் போனார்.

"பிச்சி, கோடனிடம் சொன்னதை அப்படியே எனக்குச் சொல்."

"என்ன பெரிய வித்தை சாமி? உளுந்தை அரைச்சுக்கோ, கருப்பட்டியைக் கரைச்சு ஊத்து, எண்ணெய் விட்டுக் கிண்டு, பதம் வந்ததும் இறக்கு. அம்புட்டுதான்!"

"எந்த எண்ணெய்?"

பிச்சி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "எண்ணெய்னா எண்ணெய்தான் சாமி. நல்லெண்ணெய்! இதைக்கூடவா சொல்லணும்?"

குணவீரர் கோடனைத் தேடிப் போய் அதையே கேட்டார். "எங்கள் ஊரில் எண்ணெய் என்றால் இலுப்பெண்ணெய்தான் ஐயா" என்றான் அவன். களி கசந்தது அதனால்தான். கருப்பட்டி அவனுக்குப் புதுசு. கரைத்ததை வடிகட்டி மண்ணை நீக்கவேண்டும் என்று தெரியவில்லை. உளுந்தையும் வறுத்துத் திரிக்காமல், ஊறவைத்து ஆட்டியிருந்தான்.

மந்திரிக்குச் சங்கதி விளங்கிவிட்டது. ஆனால் கோபக்கார ராஜாவுக்கு இதை வாயால் சொல்லி விளங்கவைக்க முடியாது. கண்ணால் காட்டியே தீருவது என்று முடிவுகட்டினார்.

மறுநாள் சபை கூடியது.

"கலியநம்பி," என்றார் மந்திரி, "உன் தாம்பூலத்துக்கு ஈடில்லை என்று மகாராஜாவே சொல்வார். அதைக் கோடனுக்குச் சொல்லிக்கொடு, பார்ப்போம். எதையும் மறைக்கக்கூடாது. மறைத்தால் பிச்சிக்கு என்ன தண்டனையோ அதுதான் உனக்கும். சம்மதமா?"

கலியநம்பிக்குப் பெருமை பிடிபடவில்லை. "மறைப்பதற்கு என்ன இருக்கிறது? வெற்றிலையை எடு. சுண்ணாம்பு தடவு. பாக்கை வை. மடித்து வாயில் போட்டு மெல்லு. தீர்ந்தது!"

கோடன் வெற்றிலையைக் கண்டதே இங்கேதான். கழுவாத இலையைக் காம்போடு எடுத்தான். சுவருக்கு வெள்ளையடிப்பதுபோல் சுண்ணாம்பை அப்பினான். ஒரு முழுக் கொட்டைப்பாக்கை நடுவில் வைத்துப் பொட்டலமாக மடித்தான். வாய்க்குக் கொண்டுபோகுமுன் மந்திரி அதை வாங்கிக் கலியநம்பியிடம் நீட்டினார்.

"உன் பக்குவம்தானே? நீயே போட்டுக்கொள்."

கலியநம்பி பின்வாங்கினான். "ஐயோ, வாய் வெந்துபோகும்! பல் உடையும்!"

"நீ சொன்னதில் அவன் எதை விட்டான்?"

"சுண்ணாம்பைத் தொட்டுத் தடவவேண்டும், பாக்கைச் சீவவேண்டும். இது யாருக்குத்தான் தெரியாது?"

"அதைத்தான் பிச்சியும் நினைத்தாள்" என்றார் குணவீரர்.

சபையில் ஒருவர் சிரிக்க, எல்லாரும் சிரித்தார்கள். ராஜாவும் சிரித்தார். சட்டென்று நிறுத்தினார்.

"சிரித்தது போதும். என் மகள் பட்டினி கிடக்கிறாளே!"

"அதற்கும் வழி உண்டு" என்று எல்லாரையும் சமையல்கட்டுக்கு அழைத்துப்போனார் மந்திரி. "பிச்சி, நீ கரண்டியைத் தொடக்கூடாது. கோடன்தான் கிண்டுவான். கோடா, புரியாத இடத்தில் கையை நிறுத்தி, கேள். அசட்டுக் கேள்வி என்று யாராவது சிரித்தால் நான் பார்த்துக்கொள்கிறேன்."

கோடன் விடாமல் கேட்டான். முதலில் பிச்சி தலையில் அடித்துக்கொண்டாள். "பதம் என்றால் என்ன?" என்று அவன் கேட்டபோது அவள் தானே களியை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். தன் கையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு மெதுவாக, "கையைத் தண்ணியில நனைச்சுக் களியைத் தொடு. ஒட்டாம வந்தா அதுதான் பதம்" என்றாள். முதல் களி கட்டி தட்டிப்போனது. இரண்டாவது அடிப்பிடித்தது. மூன்றாவதை ராஜாவே எடுத்து வாயில் போட்டார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

குணவீரருக்கு முத்துமாலை கிடைத்தது. கலியநம்பியை ராஜா துரத்தவில்லை. "கருப்பட்டிச் சிப்பத்தையும் நல்லெண்ணெய்க் குடத்தையும் கோடனோடு மலைக்குச் சுமந்து போ. களி இறங்கும்வரை அவன் அடுப்புக்கு நீதான் விறகு தள்ளவேண்டும்" என்றார். வழியெல்லாம் முனகிக்கொண்டே போனான் அவன்.

இளவரசி வயிறாரச் சாப்பிட்டாள் என்று சேதி வந்தது. கூடவே, புளிக்குழம்பும் வேண்டுமாம். கற்றுக்கொள்ளக் கோடன் மறுபடி வந்து நின்றான்.

பிச்சி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவன் எதிரில் உட்கார்ந்தாள். "புளி தெரியுமா உனக்கு? தெரியாதா? நல்லது. கொட்டையை எடுக்கிறதிலேருந்து ஆரம்பிப்போம்."