டயரின் ஓரம்

“ஒன்பதரை இஞ்ச் அகல ரிம் வாங்கிட்டேன்க்கா. டயர் எந்த அளவு போடறது?”

கேட்டவர் சென்னியப்பன். கோயமுத்தூரில் பம்ப் பட்டறை வைத்திருப்பவர். வேகமான கார் ஒன்றும் வைத்திருந்தார். வயது நாற்பத்தொன்பது.

கேட்டது ஷம்ஷாத்திடம். பொள்ளாச்சியில் டயர் கடை நடத்துகிறாள். அவரைவிடப் பத்து வயது இளையவள். ரேஸ் ஓட்டுகிறவர்கள் வயது பார்க்காமல் அவளை அக்கா என்பார்கள். அவள் சொன்ன அளவை மாற்ற மாட்டார்கள்.

ஷம்ஷாத் பழைய டயரில் இருந்த எண்களைப் படித்தாள்.

“இது இருநூத்தி இருபத்தஞ்சு, நாப்பத்தஞ்சு. புது ரிம்முக்கு இருநூத்தி அம்பத்தஞ்சு போடலாம். ஆனா அடுத்த நம்பர் நாப்பதுதான் வரணும்.”

“அது ஏன் குறையுது?”

“அகலம் கூடினா பக்கத்து உசரம் குறையணும்ங்க. இல்லீன்னா சக்கரமே உசந்துரும். ஸ்டீயரிங்கை ஒடிச்சா மட்கார்டுல உரசும்.”

“இருநூத்தி எழுபத்தஞ்சு போட்டா இன்னும் நல்லாப் பிடிக்குமில்ல?”

“எங்க பிடிக்கணும்?”

சென்னியப்பன் ரிம்மில் இருந்த தூசியைத் துடைத்தார்.

“வால்பாறை ரோட்டுல. நாப்பது கொண்டை ஊசி வளைவு. மழை வேற. வண்டி வழுக்குது, பாதியில திரும்பிர்றேன்.”

“மேல யாரு இருக்காங்க?”

“சுகந்தி. என் சம்சாரம். எஸ்டேட் ஆஸ்பத்திரியில நர்ஸ். கோவிச்சுட்டுப் போய் மூணு வருசமாச்சு.”

ஷம்ஷாத் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். முன் டயரின் ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டினாள்.

“தொட்டுப் பாருங்க.”

தொட்டார். புது டயரில் இருக்கும் சின்னச் சின்ன ரப்பர் முடிகள் விரலில் குத்தின.

“நடுவுல தேஞ்சிருக்கு. ஓரத்துல முடிகூடப் போகல. இது ஒரு வளைவும் ஏறலைங்களே.”

அவர் டயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மலை அடிவாரத்து செக்போஸ்ட் வரைக்கும் போவேன்,” என்றார். “ஞாயித்துக்கிழமை தவறாது. வண்டிய ஓரமா நிறுத்திட்டு மேல பார்ப்பேன். மேகம் விலகினா ரோடு தெரியும். அவ டூட்டி முடியற நேரம் எனக்குத் தெரியும். அதுவரைக்கும் நிப்பேன்.”

“அப்புறம்?”

“வந்திருவேன்.”

ஷம்ஷாத் எழுந்தாள். கீழே இறக்கி வைத்திருந்த புது ரிம்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பின் சீட்டில் வைத்தாள்.

“அப்ப டயர்?”

“இந்த ஓரம் தேஞ்சதும் வாங்க. போட்டுத் தர்றேன்.”

அவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார்.

“அவ கதவைத் திறக்கலைன்னா?”

ஷம்ஷாத் கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

“அப்பவும் ஓரம் தேஞ்சிருக்கும்ங்க.”