கரையில் படுத்திருந்த மண்வெட்டிகள்

தேன்மொழி மடத்துப் படியில் உட்கார்ந்து, கோரைப்பாயில் காய்ந்திருந்த சேற்றைக் கொட்டாங்குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் குழந்தை தூங்கியது.

ஏரி உடைந்து இருபது நாள். வயலெல்லாம் முழங்கால் உயரத்துக்கு மணல். அவள் கணவன் ராசவேலு திருப்பூருக்கு, பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். தெருவில் பாதிப்பேர் அப்படித்தான். போன் செய்வான். அவன் பேச்சைவிட மிஷின் சத்தம்தான் அதிகம் கேட்கும். அவள் அதையும் கேட்டுக்கொண்டிருப்பாள்.

மடத்தைப் பார்த்துக்கொள்ளும் சடையம்மாளைத்தான் அவள் குருவாக நினைத்திருந்தாள். அன்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"எல்லாரையும் விரட்டினது யாரும்மா? ஒரு கட்சி பழைய ஆட்சிங்குது. இன்னொண்ணு இப்ப இருக்கிற ஆட்சிங்குது."

"அரிசி யாரு குடுத்தா?"

"ரெண்டு பேரும். பையில அவங்கவங்க படம் போட்டு."

சடையம்மாள் சிரித்தாள். வீட்டு மண்வெட்டியை எடுத்துவரச் சொன்னாள்.

தேன்மொழி கொண்டுவந்தாள். கடையில் ஒட்டிய தாள்கூட இன்னும் கிழியவில்லை.

அந்த ஊரில் ஆனி மாதம் ஒருநாள் ஏரியில் தூர் வாரிக் கரைக்கு மண் போடுவார்கள். வீட்டுக்கு ஒரு ஆள். வரமுடியாதவர்கள் மண்வெட்டியை மட்டும் கரையில் வைத்துவிட்டுப் போகலாம். வந்தவர்கள் அவர்கள் பங்கையும் வெட்டுவார்கள்.

"மூணு வருசமா எங்க மண்வெட்டி தவறாம கரைக்குப் போயிருக்கு" என்றாள் தேன்மொழி.

"நாப்பத்திரண்டு வீட்டு மண்வெட்டியும் வந்துச்சு. வரிசையாப் படுத்திருந்துச்சு. ஆளுன்னு வந்தது நான் ஒருத்திதான். சாயங்காலம் அவங்கவங்களுதை எடுத்துட்டுப் போனீங்க."

தேன்மொழி மண்வெட்டியில் ஒட்டியிருந்த தாளைத் தடவினாள். பிறகு கேட்டாள்.

"அவரு திரும்பி வருவாராம்மா?"

"ஏரி நிக்காத ஊருக்கு எதுக்கு வரணும்?"

சொல்லிவிட்டு, சடையம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அந்த மண்வெட்டியும் ஒரு கூடையுமாக, மடத்துக்குப் பக்கத்தில் ஏரிக்கரை உடைந்த பள்ளத்தில் இறங்கினாள். வெட்டத் தொடங்கினாள்.

தேன்மொழி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மேலேயே நின்றாள்.

"ரெண்டு கையால கரை நிக்குமா? நாளைக்குக் காலைல பஸ்ல நானும் அவருகிட்டயே போயிடலாம்னு, துணியெல்லாம் மடிச்சு..."

"புள்ளைய நிழல்ல படுக்க வச்சிட்டு வா. கூடை நிறைஞ்சிடுச்சு, தூக்க ஆள் வேணும்."