உப்புக் கோலத்துக்கு ஏழு பணம்

முன்னொரு காலத்தில், மேகம் வாசல்வரை வந்து மேயும் ஒரு மலைநாட்டைக் குன்றவாணன் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். நல்லவர்தான். ஆனால் பளபளப்பைக் கண்டால் மயங்கிவிடுவார். அந்த நாட்டில் மலையைத் தாண்டப் பறக்கும் பல்லக்குகள் உண்டு. ராட்சதக் கழுகுகள் தூக்கிப் போகும். ஏறி இறங்க ஊருக்கே ஒரே மேடை. அதைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் இடும்பராயர், அடுத்தவர் இலையில் விழும் அப்பளத்தையும் எண்ணிப் பார்க்கிற ஆசாமி.

மேடையில் கால் வைக்க ஒரு பணம் என்றிருந்ததை ஒரு நாள் எட்டாக்கினார் அவர். உப்பு விற்கும் உலகாத்தாள் கையில் ஒரே பணம்தான் இருந்தது. மலைக்கு அப்பால் அவள் மகளுக்கு இன்றோ நாளையோ பிரசவம். நடந்தால் ஒன்பது நாள். நேராக அரசவைக்குப் போய் முறையிட்டாள்.

“ஏனய்யா எட்டுப் பணம்?” என்று அவையிலிருந்த ராயரைக் கேட்டார் ராஜா.

“மேடையில் பளிங்குக் குளம் வெட்டினேன், மகாராஜா. மயில்தோகைப் பந்தல் போட்டேன். அடியேனுக்கும் சின்னதாக ஒரு சிலை...”

“பளிங்கா!” ராஜா உருகிப்போனார்.

“கட்டுப்படியாகாவிட்டால் இவள் வேறு மேடைக்குப் போகட்டுமே” என்று இளித்தார் ராயர்.

உலகாத்தாளுக்குச் சுருக்கென்றது. அந்த நேரம் பார்த்துச் சாப்பாட்டு மணி அடிக்கத் தொடங்கியது. மணி ஓய்வதற்குள் பந்தியில் உட்காராதவருக்கு அன்று இலை கிடையாது என்பது அந்த அரண்மனை வழக்கம். பந்திக்கூடத்துக்கு ஒரே வாசல். அவள் ஓடிப்போய், கூடையிலிருந்த உப்பை அள்ளி வாசலில் ஒரு கோலம் இழுத்துவிட்டு, வந்த ராயரை மறித்தாள்.

“வாசலைத் தாண்ட எட்டுப் பணம், சாமி.”

“எதுக்கு?”

“வாசலுக்கு ஒண்ணு. கோலத்துக்கு ஏழு.”

“உன்னைக் கோலம் போடச் சொன்னேனா? நான் உள்ளே போகணும், அவ்வளவுதான். வழியை விடு!”

“கட்டுப்படியாகலேன்னா வேற வாசல் வழியாப் போங்க, சாமி.”

பின்னாலேயே வந்த ராஜா கிரீடம் சரியச் சரியச் சிரித்தார். அதற்குள் மணி ஓய்ந்துவிட்டது. அன்றைக்கென்று பால்பாயசம் வேறு.

“ராயரே, தீர்ப்பை நீரே சொல்லிவிட்டீர். ஏறி இறங்க ஆகும் செலவு, அதன்மேல் நியாயமான லாபம், அதுதான் வரம்பு. மேடையிலுள்ள முறுக்குக் கடைகள் உமக்குத் தரும் வாடகையையும் அந்தச் செலவில் கழித்துக்கொள்ளும். குளத்துக்கும் பந்தலுக்கும் சிலைக்கும் உம் மடியை அவிழும். உலகாத்தா, இனி ஆண்டுக்கொரு முறை பயணிகளைக் கேட்டு வரம்பு கட்ட வேண்டியது நீதான்.”

“கட்டறேன் மகாராசா. முதல்ல பேரப்பிள்ளையைப் பார்த்துட்டு வந்துடறேன்.”

பழையபடி ஒரு பணம் கொடுத்துப் பல்லக்கில் ஏறினாள். கழுகு எழும்பியதும் குனிந்து குளத்தைப் பார்த்தாள்.

“அழகாத்தான் இருக்கு,” என்றாள் பக்கத்திலிருந்தவரிடம், “அவர் காசுல கட்டினதுன்னு ஆனப்புறம்.”