இல்லாத காகிதங்களின் பீரோ

வெள்ளிக்கிழமை ஓய்வு பெறவேண்டிய பதிவறை எழுத்தர் மரியசெல்வத்துக்குப் புதன்கிழமை மெமோ வந்தது. முப்பத்தொரு வருஷம் கோப்பு சுமந்தவருக்கு அது ஆச்சரியமாகக்கூட இல்லை. புதுப் பாலத்தில் விரிசல் என்று பொறியாளர் கொடுத்த ரகசிய அறிக்கை பத்திரிகையில் வந்துவிட்டது. யாராவது ஒருத்தர் தலை உருண்டாக வேண்டும். பென்ஷனுக்குப் பயந்த தலை என்றால் சுலபமாக உருளும்.

அமைச்சர் அறைக்குக் கூப்பிட்டார்கள்.

"அறிக்கையை நான்தான் வெளியே விட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. இல்லேன்னா பென்ஷனை மறந்துடு," என்றார் அமைச்சர்.

மரியசெல்வம் பேனாவைத் திறந்தார். "போடறேன் அய்யா. ஒரு சின்னச் சிக்கல்தான். அப்படி ஒரு அறிக்கையே கிடையாதுன்னு நேத்து சட்டசபையில சொன்னீங்க. அது அவைக்குறிப்புல ஏறிடுச்சு. இல்லாத அறிக்கையை நான் எப்படி வெளியே விட முடியும்? 'அறிக்கை வந்தது, நான் படிச்சேன்'னு மேலே ஒரு வரி எழுதிடுங்க. கீழே நான் போட்டுடறேன்."

பக்கத்தில் நின்ற செயலாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அமைச்சர் மெமோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யோவ், உனக்கு யாரும் மெமோ கொடுக்கலை," என்றார் கடைசியில். "அப்படி ஒண்ணு வரவே இல்லை. புரியுதா?"

"சரிங்கய்யா." மெமோவைத் திரும்ப வாங்கி மடித்துக்கொண்டு வாசல்வரை போனவர் நின்றார். "இதையும் பாலத்து அறிக்கை இருக்கற பீரோவுலயே வெச்சுடறேன். இல்லாத காகிதமெல்லாம் அங்கேதான் இருக்கு. கதவு சாத்த முடியலை. எனக்கு அடுத்து வர்றவருக்காவது இன்னொரு பீரோ வாங்கிக் கொடுங்க."