காவலன் பிடித்த கைதி

ஒரு உடம்பில் ஒரு காவலன் இருந்தான். உடம்பு பூங்கோதை என்ற தையல்காரியுடையது. முன்பு ஒருமுறை அவளுக்கு டெங்கு வந்தபோது, அந்தக் கிருமியைப் பிடித்துத் தீர்த்துக்கட்டியவன் இவன்தான். அன்றிலிருந்து அவனுக்குத் தலைகால் புரியவில்லை. மீசையை முறுக்கிக்கொண்டே ரத்தத்தில் ரோந்து வருவான்.

பிடித்தவனை விழுங்கியிடம் ஒப்படைப்பது அந்த இடத்து வழக்கம். விழுங்கி பெரிய வயிற்றுக்காரி. காவலன் கூட்டிவந்தால் போதும், யார் என்ன என்று கேட்காமல் வாயைத் திறப்பாள். உள்ளே போன கைதி செரித்துப்போவான்.

இந்த மழைக்காலத்தில் மறுபடியும் ஒரு கொசு கடித்தது. உள்ளே இறங்கிய கிருமியைக் காவலன் பார்த்துவிட்டான்.

"அடேய், செத்தவன் திரும்பி வந்துட்டியா?"

"அது எங்க அண்ணன். நாங்க மொத்தம் நாலு பேர்."

"எல்லாம் ஒரே மூஞ்சிதான். நடடா."

அண்ணனுக்கு அளவெடுத்த விலங்கு தம்பியின் கையில் தொளதொளவென்று ஆடியது. தம்பி அதைக் காட்டிக்கொள்ளவில்லை. நல்ல பிள்ளையாகக் கூடவே நடந்தான். தனியாக வந்திருந்தால் விழுங்கியின் வாய் அவ்வளவு எளிதில் திறந்திருக்காது. காவலனோடு வந்ததால் திறந்தது. உள்ளே போனதும் விலங்கை உருவி எறிந்துவிட்டு, அவள் வயிற்றிலேயே பெருக ஆரம்பித்தான்.

ரத்தக்குழாயின் சுவர் கத்தியது. "அண்ணே, கொஞ்சம் நிறுத்துங்க! நீங்க ஒருத்தனை உள்ள அனுப்புறீங்க, ஒரு கூட்டமே வெளிய வருது!"

"என் வேலையை எனக்குச் சொல்லித்தர வந்துட்டியா?" என்று காவலன் அடுத்தவனைப் பிடிக்க ஓடினான். கைதிகள் பெருகப் பெருக அவனுக்குப் பெருமைதான்.

பூங்கோதையின் உடம்பு அனலாய்க் கொதித்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உள்ளே பெரும்படை கிளம்பி வந்து, கண்மண் தெரியாமல் சண்டை போட்டது. கிருமிகள் மளமளவென்று குறைந்தன. காய்ச்சலும் இறங்கியது.

"ஜெயிச்சுட்டோம்!" என்று காவலன் குதித்தான்.

வெளியே அவள் கணவன் வேலவனுக்கும் அதே சந்தோஷம். "காய்ச்சல் விட்டுடுச்சு சிஸ்டர். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

சுவர் மட்டும் முனகியது. "கூட்டம் குறைஞ்சது சரிண்ணே. அவ்வளவு பெரிய கூட்டத்தோட போட்ட சண்டையில நான் இத்துப்போயிட்டேன். ரத்தத்துல இருக்கிற தண்ணி கசியுது. என்னால பிடிச்சு நிறுத்த முடியல."

காவலன் திரும்பிப் பார்த்தான். சுவர் நெடுகக் கசிவு.

நர்ஸ் பூங்கோதையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். "எங்கயும் கூட்டிட்டுப் போகாதீங்க. காய்ச்சல் விடுற இந்த நேரம்தான் ஆபத்து. கால் சில்லுனு இருக்கு, வயிறு வலிக்குதுங்கிறாங்க. நாடி பாருங்க, கையில அகப்படவே மாட்டேங்குது." டாக்டரைக் கூப்பிட்டுக்கொண்டே டிரிப்ஸ் ஏற்ற ஓடினாள்.

காவலனால் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. சொட்டுச் சொட்டாக வந்த தண்ணீரையும் கசிந்து போன தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு பயந்துபோய் நின்றான். மெல்ல மெல்லச் சுவர் இறுகியது. பூங்கோதை கண்ணைத் திறந்து ரசம் சாதம் கேட்டாள். வேலவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான்.

காவலன் தலையைத் தொங்கப்போட்டபடி ரத்தக்குழாயின் சுவரிடம் வந்தான். "நான் கெட்டது நினைச்சுச் செய்யலம்மா."

"தெரியும்ணே," என்றது சுவர். "அதனாலதான் நான் கத்தியும் உங்களை யாரும் தடுக்கல."