இருபது சிப்பத்துக்கு ஒரு கிரைண்டர்

பேரம் பேசத் தெரிந்தவர்களுக்கென்றே ஒரு வழக்கைக் கொண்டுவந்திருக்கிறேன். தீர்ப்பு உங்களுடையது. பாதியிலேயே யாரையாவது பிடித்துத் திட்டத் தோன்றும், எனக்கும் தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு கடைசிவரை கேளுங்கள். அவசரப்பட்டவன் ஜெயித்த பேரம் உலகத்தில் கிடையாது.

தூத்துக்குடிக்கு வெளியே பைபாஸ் ஓரத்தில் ஒரு மொத்த விற்பனைக் கிடங்கு. உறுப்பினர் கார்டு இல்லாதவனை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒரு சனிக்கிழமை காலை அங்கே மூன்று பேர் ஒரே லோடு ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். கார்டுக்காரர் தனுஷ்கோடி, கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் எடுப்பவர். சண்முகவடிவு துறைமுக கேட்டுக்கு எதிரே இட்லிக்கடை நடத்துகிறவள். மூன்றாவது ஆள் மரியபுஷ்பம், வீட்டில் மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்பவள்.

புஷ்பத்தின் கிரைண்டர் மோட்டார் புகைந்து ஒரு வாரமாகிறது. கூலி கொடுத்து வெளியே அரைத்ததில் லாபமெல்லாம் கூலிக்கே போயிற்று. அடுத்த வாரமும் இப்படியே ஓடினால் தொழிலை மூட வேண்டியதுதான். புதுசு வாங்கக் கையில் காசில்லை.

இட்லி அரிசி அடுக்கு முன்னால் போய் நின்றார்கள். ஒரே மில்லின் ஒரே அரிசி இரண்டு குவியலாகக் கிடந்தது. இந்தப் பக்கம் இருபத்தாறு கிலோ சிப்பம் ஆயிரத்து நானூறு. அந்தப் பக்கம் மஞ்சள் அட்டை தொங்கிய குவியலில் ஆயிரத்து ஐந்நூறு. அட்டையில் எழுதியிருந்தது: "ஒரே பில்லில் இருபது சிப்பம் எடுத்தால் கிரைண்டர் இலவசம்."

வடிவு அதற்குள் ஆயிரத்து நானூறு குவியலிலிருந்து தள்ளுவண்டியில் ஏற்ற ஆரம்பித்திருந்தாள்.

"யக்கா, இறக்குங்க, இறக்குங்க!" என்று ஓடிவந்தாள் புஷ்பம். "ஒங்களுக்குப் பன்னெண்டு, அண்ணாச்சிக்கு ஆறு, எனக்கு ரெண்டு. சரியா இருபது! மஞ்ச அட்டைய எடுப்போம்."

"கூடுதல் வெலையில்லா போட்டிருக்கான்?"

"கிரைண்டர் வருதுல்லா!"

வடிவு முனகிக்கொண்டே இறக்கி, மஞ்சள் அட்டைச் சிப்பங்களை ஏற்றினாள். தனுஷ்கோடியும் அப்படியே செய்தார். உப்புக்குக்கூட நாலு கடை ஏறி விலை கேட்கிற ஜனங்கள் இவர்கள். ஆனால் கிரைண்டர் யாருக்கு என்று மட்டும் மூன்று பேரில் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொருவரும் தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு நடந்தார்கள்.

அவரவர் பங்கை அவரவர் எண்ணிக் கொடுத்தார்கள். பில் போட்ட பெண் சொன்னாள்: "சார், ஆஃபர் சரக்குக்கு மட்டும் பாயிண்ட் உண்டு. அறுநூறு ரூபாய் உங்க கார்டுல ஏறியிருக்கு. அடுத்த பில்லுல கழிச்சுக்கிடலாம்." தனுஷ்கோடி தலையாட்டிவிட்டு கார்டைச் சட்டைப்பையில் போட்டார்.

கிரைண்டர் பெட்டியை வண்டியில் ஏற்றும்போது சண்டை வெடித்தது.

"எங்க வீட்டுல எறக்குப்பா" என்றார் தனுஷ்கோடி டிரைவரிடம். "கார்டு என்னுது. அது இல்லேன்னா ரெண்டு பேரையும் வாட்ச்மேன் உள்ளயே விட்டிருக்க மாட்டான்."

"அப்ப அந்தக் கார்டை ஊறப்போட்டு அரைங்க அண்ணாச்சி, மாவு வருதான்னு பாப்போம்" என்றாள் வடிவு. "இருபதுல பன்னெண்டு என்னுது. கிரைண்டரும் எனக்குத்தான்."

"ஒங்க கடையில ஏற்கெனவே ரெண்டு ஓடுதேக்கா!"

"மக வீட்டுக்குக் குடுப்பேன். ஒனக்கென்ன?"

புஷ்பம் பெட்டியின் மேல் கையை வைத்தாள். "யோசனை யாரு சொன்னா? நான் கத்தலேன்னா ரெண்டு பேரும் அந்த மலிவு அரிசியத் தூக்கிட்டுப் போயிருப்பீங்க. எனக்குப் பொழப்பே போவுது, ஒங்களுக்கு மக வீட்டுச் சீரு கேக்குதா?"

"சட்டுனு ஒரு முடிவுக்கு வாங்க" என்றான் டிரைவர். "இல்லேன்னா வெயிட்டிங் சார்ஜ் போடுவேன். அத யாரு தருவீங்கன்னு அடுத்த சண்டை ஆரம்பிக்கும்."

கார்டு ஒருவருடையது. அரிசியில் பெரும்பங்கு ஒருத்தியுடையது. யோசனையும் தேவையும் இன்னொருத்தியுடையவை. நீங்களே சொல்லுங்கள்: அந்தக் கிரைண்டரை லோடு ஆட்டோ யார் வீட்டு வாசலில் இறக்குவது நியாயம்?

விடை: புஷ்பத்தின் வீட்டில்தான். ஆனால் அவள் வடிவுக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய் கொடுத்த பிறகு. மூன்று பேரும் இலவசம் என்ற சொல்லை நம்பிச் சண்டை போட்டார்கள். சிப்பத்துக்கு நூறு ரூபாய் கூட வைத்தவன் கிரைண்டரை எங்கே இலவசமாகக் கொடுத்தான்? மூன்று பேரிடமும் அதற்குக் காசு வாங்கிக்கொண்டான். தனுஷ்கோடிக்கு ஆறு சிப்பத்தில் அறுநூறு கூடுதலாகப் போயிற்று. பாயிண்டாக அறுநூறும் திரும்பிவந்துவிட்டது. கார்டு காட்டியதற்கு மேற்கொண்டு கூலி கேட்பதானால் உள்ளே நுழையும் முன்பே கேட்டிருக்க வேண்டும். வடிவு அரிசி வாங்க வந்தவள், மலிவான அரிசியை வண்டியில் ஏற்றியும் விட்டாள். புஷ்பம் சொன்னதால் மாற்றினாள். பன்னிரண்டு சிப்பத்தில் போன ஆயிரத்து இருநூறு அவளுக்கு வெறும் நட்டம். அது கைக்கு வந்துவிட்டால் அவள் கிரைண்டர் கேட்க நியாயமில்லை. மஞ்சள் குவியல் பக்கம் எல்லாரையும் இழுத்தவள் புஷ்பம், ஆகவே அதன் விலையையும் அவள்தான் ஏற்க வேண்டும். தன் இரண்டு சிப்பத்தில் போன இருநூறையும் சேர்த்தால் ஆயிரத்து நானூறுக்குப் புதுக் கிரைண்டர். எந்தக் கடையில் கிடைக்கும்? கையில் இல்லையென்றால் வாரா வாரம் மாவு விற்றுக் கட்டட்டும். 'பாவம், அவளுக்கு அப்படியே கொடுத்துவிடலாமே' என்று இங்கே யாரோ முணுமுணுப்பது என் காதில் விழுகிறது. இரக்கம் நல்லதுதான், ஐயா. உங்கள் பையிலிருந்து எடுத்துக் கொடுங்கள். வடிவின் பையில் ஏன் கை விடுகிறீர்கள்?